அடி விழும்போது கை ஓங்காமல் இருக்கப் பழகியவர்கள்: ஜேம்ஸ் லாசனும் நாஷ்வில் மாணவர்களும்

கேள்வி கேட்டவர், 1960-இல் அமெரிக்காவின் தென்மாநிலக் கடை ஒன்றில் எடுக்கப்பட்ட புகைப்படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். வெள்ளையர்களுக்கு மட்டுமே பரிமாறப்பட்ட சிற்றுண்டி மேசை முன்னால் கறுப்பின மாணவர்கள் நேராக உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் நிற்கும் கும்பல் அவர்களை இழுத்துத் தள்ளுகிறது. ஒருவர்கூடத் திரும்பி அடிக்கவில்லை. “இவர்கள் எல்லாரும் மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சைக் கேட்டு மனம் மாறியவர்களா, அல்லது பிறவியிலேயே பொறுமைசாலிகளா? இப்படி அடி வாங்கியதால் உண்மையில் எதாவது கிடைத்ததா?” என்பது அவருடைய கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அகிம்சை என்பது ஒருவருக்கு வாய்க்கும் குணமா, கற்றுக்கொள்ளக்கூடிய திறமையா என்பது முதலாவது. அந்தத் திறமை எதையாவது சாதித்ததா, அல்லது நீதிமன்றமும் மத்திய அரசும் செய்ததற்கு மாணவர்களுக்குப் பெயர் கிடைத்ததா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை தேட கிங்கைவிட நல்ல வழிகாட்டி, டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் இத்தகைய மாணவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி கொடுத்த, தமிழில் அதிகம் பேசப்படாத ஜேம்ஸ் லாசன் என்று நினைக்கிறேன். அவரை முன்வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் 22 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன். அதில் பெரும்பகுதி அமெரிக்க வரலாறு. நாஷ்வில் நகரத்தை நேரில் பார்த்ததில்லை. பங்கேற்றவர்களின் நினைவுக்குறிப்புகள், பதிவு செய்யப்பட்ட நேர்காணல்கள், அக்காலச் செய்தித்தாள்கள் ஆகியவற்றை வைத்தே பேசுகிறேன். நினைவிலிருந்து சொல்லப்படும் செய்திகள் ஆண்டுகள் செல்லச் செல்ல மெருகேறும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அப்படிப்பட்ட இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

லாசன் 1928 செப்டம்பர் 22 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்து, ஒஹாயோவின் மாசிலன் என்ற சிறு தொழில்நகரில் வளர்ந்தவர். தந்தை மெத்தடிஸ்ட் போதகர். ஆனால் இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருந்த போதகர். ஜமைக்காவிலிருந்து வந்த தாயோ எந்த வன்முறையையும் ஏற்காதவர். பின்னாளில் கறுப்பின மக்களின் இயக்கத்தையே இரண்டாகப் பிரித்த விவாதம் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே நடந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். சிறுவனாக இருந்தபோது தெருவில் காருக்குள் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக் குழந்தை தன்னை இனவசைச் சொல்லால் திட்டியதாகவும், தான் அந்தக் குழந்தையை அறைந்துவிட்டு வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னதாகவும் லாசன் பலமுறை கூறியிருக்கிறார். தாய் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, “அதனால் என்ன பயன், ஜிம்மி?” என்று கேட்டாராம், இதைவிட நல்ல வழி ஒன்று இருந்தாக வேண்டும் என்றாராம். தாயின் சொற்கள் இதே வடிவில் இருந்தன என்று எவராலும் உறுதிசெய்ய முடியாது. ஆனால் 80 ஆண்டுகள் ஒருவர் அதே கதைக்குத் திரும்பத் திரும்ப வந்தார் என்பதே, தன்னை அவர் பிறவிப் பொறுமைசாலியாக நினைக்கவில்லை என்பதற்குச் சான்று. அவர் கை நீட்டியவர்தான், பிறகுதான் மாறினார்.

கொரியப் போர்க் காலத்தில் கட்டாய ராணுவச் சேவையை அவர் மறுத்தார். இறையியல் மாணவர் என்ற சலுகையைக் கேட்டிருந்தால் எளிதாகத் தப்பியிருக்கலாம். அந்தச் சலுகையை வாங்குவதே போரை ஒப்புக்கொள்வதாகும் என்று கருதி 1951-இல் சிறைக்குப் போனார். மூன்றாண்டுத் தண்டனையில் ஓராண்டுக்குச் சற்று அதிகமாகச் சிறையில் இருந்து வெளிவந்ததும், மெத்தடிஸ்ட் சபை அவரை 1953-இல் நாக்பூருக்கு அனுப்பியது. அங்கே ஹிஸ்லாப் கல்லூரியில் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் மாணவர் ஊழியராகவும் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கிய செய்தியை 1955 டிசம்பரில் நாக்பூர்ச் செய்தித்தாளில்தான் படித்தார். துள்ளிக் குதித்துக் கத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

“ஆக, இந்தியாதான் அவருக்கு அகிம்சையைக் கற்றுக்கொடுத்தது” என்று நம்மவர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். அது பாதி உண்மை. இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, கல்லூரி நாள்களில், காந்தியைப் படித்திருந்தார், போருக்கு எதிரான கிறிஸ்தவ அமைப்பான ‘ஃபெலோஷிப் ஆஃப் ரீகன்சிலியேஷ’னில் சேர்ந்திருந்தார், சிறையும் சென்றிருந்தார். அவருடைய வேர் இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் இருந்தது. காந்தியிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது செயல்முறையை: ஓர் அநீதியை எப்படி ஆராய்வது, எந்தக் கண்ணியைப் பிடித்து இழுப்பது, தொண்டர்களை எப்படித் தயார்செய்வது என்பவற்றை. அவர் வாழ்ந்த அதே நாக்பூரில்தான் 1956 அக்டோபரில் அம்பேத்கர் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது. ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலைக்கு இந்தியா காட்டிய வழி ஒன்றே ஒன்றாக இருந்ததில்லை.

ஊர் திரும்பியவர் ஓபர்லின் நகரில் இறையியல் படிப்பைத் தொடர்ந்தார். 1957 பிப்ரவரியில் அங்கே பேச வந்த கிங்கைச் சந்தித்தார். இருவருக்கும் அப்போது வயது 28. படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே வரலாம் என்று லாசன் சொல்ல, காத்திருக்காதீர்கள், இப்போதே வாருங்கள், உங்களைப் போன்ற அனுபவமுள்ள ஒருவர் எங்களிடம் இல்லை என்று கிங் வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு லாசன் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் குடியேறி, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளியில் சேர்ந்தார். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் பயிலரங்குகளைத் தொடங்கினார். 1959 இலையுதிர் காலத்திலிருந்து அவை வாரந்தோறும் நடந்தன. ஃபிஸ்க் பல்கலைக்கழகம், அமெரிக்கன் பாப்டிஸ்ட் கல்லூரி, மெஹாரி மருத்துவக் கல்லூரி, டென்னஸி மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கறுப்பின மாணவர்கள் வந்தனர். டயேன் நாஷ், ஜான் லூயிஸ், ஜேம்ஸ் பெவல், பெர்னார்ட் லஃபாயெட் என்று பின்னாளில் வரலாற்றில் இடம்பெற்ற பெயர்கள் பலவும் அந்த அறையில் இருந்தவர்களுடையவை.

அந்த அறையில் நடந்ததுதான் முதல் கேள்விக்கு விடை. சில நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக் கடை மேசை என்று பாவித்துக்கொள்வார்கள். சிலர் அதில் உட்கார, மற்றவர்கள் பின்னால் நின்று கும்பலாக நடிப்பார்கள். நடிப்பு என்றாலும் அரைகுறையாக இருக்காது. உண்மையான கும்பல் சொல்லும் வசைச் சொற்களையே சொல்லுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், தலைமுடியைப் பிடித்து இழுப்பார்கள், நாற்காலியோடு சேர்த்துக் கீழே தள்ளுவார்கள். விழும்போது முழங்காலை மடக்கி, வயிற்றைக் காத்து, கைகளால் தலையையும் பின்கழுத்தையும் மூடிக்கொள்வது எப்படி. அடிப்பவனின் கண்ணைப் பார்ப்பது எப்படி. ஒருவர்மேல் அடி குவியும்போது மற்றொருவர் தன் உடலை இடையில் நுழைத்து அந்த அடியைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்று ஒவ்வொன்றும் ஒத்திகை பார்க்கப்பட்டது. பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள்: எந்தச் சொல் உன்னை எரித்தது, எந்த இடத்தில் கை தானாக எழுந்தது, ஏன்? தன்னால் முடியாது என்று உணர்ந்தவர்கள் மேசையில் உட்காரத் தேவையில்லை. கார் ஓட்டலாம், தொலைபேசியைப் பார்த்துக்கொள்ளலாம், அறிவிப்புகளை அச்சடிக்கலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை என்று சொல்லப்பட்டது. என்னை இந்த ஏற்பாட்டில் மிகவும் கவர்ந்தது இந்தப் பகுதிதான்.

ஒருமுறை என் வகுப்பில் இதன் மிக மென்மையான வடிவம் ஒன்றைச் செய்துபார்த்தேன். தொடுவது கூடாது, சாதியையோ குடும்பத்தையோ இழுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ஒரு மாணவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, பின்னால் மூவரை நின்று கேலி பேசச் சொன்னேன். வகுப்பிலேயே அமைதியானவன் என்பதால்தான் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. காது சிவந்து, பெஞ்சின் ஓரத்தை இறுகப் பற்றியிருந்த வலது கை மேலே எழுந்துவிட்டது. உடனே நிறுத்தினேன். அவன் உட்கார்ந்தபடி, “சார், அவங்க என் நண்பர்கள்னு தெரிஞ்சும் என்னால முடியல” என்றான். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பொறுமைசாலி என்று பெயரெடுத்தவனால் முடியாததை, பல மாதங்கள் பழகியவர்களால் செய்ய முடிந்தது.

எதை எதிர்ப்பது என்பதும் அந்த அறையில்தான் முடிவானது. நகரில் குடியிருப்பு, பள்ளி, வேலை என்று எங்கும் பாகுபாடு இருந்தது. கடைவீதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பயிலரங்குக்கு வந்த பெண்கள் என்று லாசன் சொல்லியிருக்கிறார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பெரிய கடைகளுக்குப் போகிறோம், துணி வாங்குகிறோம், நம் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் கால் வலித்தால் உட்கார இடமில்லை, குழந்தைக்குப் பசித்தால் ஒரு வாய் வாங்கிக் கொடுக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது என்றார்கள் அவர்கள். 1959 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் ஹார்வீஸ், கெயின்-ஸ்லோன் என்ற இரு பெரிய கடைகளில் சிறு குழுக்களாகப் போய்ச் சோதித்துப் பார்த்தார்கள்: சாப்பாடு கேட்பது, மறுத்தால் ஏன் என்று பணிவாகக் கேட்பது, எழுந்து வந்துவிடுவது. கடை முதலாளிகளிடம் பேச்சுவார்த்தையும் நடத்தினார்கள், பயனில்லை. ஆக, 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் உட்கார்ந்து நாடு முழுவதும் செய்தியானபோது, நாஷ்வில் மாணவர்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். கிரீன்ஸ்பரோவைப் பார்த்துத்தான் நாஷ்வில் தொடங்கியது என்று எழுதுவது முழுச் சரியல்ல. தேதியை அது முன்னுக்குத் தள்ளியது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 13, சனிக்கிழமை, பனி கொட்டிக்கிடந்த நாளில், 124 மாணவர்கள் தங்களிடம் இருந்ததிலேயே நல்ல உடையை அணிந்துகொண்டு, பாடப்புத்தகங்களோடு மூன்று கடைகளில் போய் உட்கார்ந்தனர். அன்று அடிதடி இல்லை. இரண்டு வாரம் கழித்து, 27-ஆம் தேதி, கும்பல் தயாராக வந்தது. போலீஸார் கண்ணில் படவில்லை. மாணவர்கள் நாற்காலியிலிருந்து இழுத்துப் போடப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள், எரியும் சிகரெட்டால் சுடப்பட்டார்கள். பிறகு வந்த போலீஸார் அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிவாங்கிய சுமார் 80 பேரைக் கைது செய்தனர். ஒரு வரிசை கைதாகி எழுந்ததும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. அன்றைக்காகத் தட்டச்சு செய்து கொடுக்கப்பட்ட விதிகள் இன்றும் கிடைக்கின்றன: அவமதித்தாலும் திருப்பி அடிக்காதே, திட்டாதே, சத்தமாகச் சிரிக்காதே, தலைவர் சொல்லாமல் இடத்தைவிட்டு எழாதே, கடையின் வாசலையும் நடைவழியையும் மறிக்காதே, நேராக உட்கார், எப்போதும் மேசையை நோக்கியே இரு. நீதிமன்றம் 50 டாலர் அபராதம் விதித்தபோது, அதைக் கட்டுவது அநீதிக்குப் பங்களிப்பதாகும் என்று கூறி டயேன் நாஷும் மற்றவர்களும் சிறையைத் தேர்ந்தெடுத்தனர்.

மார்ச் மாதத் தொடக்கத்தில், இந்தப் போராட்டத்தில் அவருக்கு இருந்த பங்குக்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை வெளியேற்றியது. பட்டம் பெறச் சில மாதங்களே இருந்தன. இறையியல் பள்ளியின் முதல்வரும் ஆசிரியர் பலரும் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினர். அவர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பை முடித்தார். பின்னாளில் வாண்டர்பில்ட் வருத்தம் தெரிவித்து, அவரைச் சிறப்புப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அவர் பெயரில் இன்று அங்கே ஒரு நிறுவனமே இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இவ்வளவுக்குப் பிறகு என்ன கிடைத்தது? மார்ச், ஏப்ரலில் கறுப்பினக் குடும்பங்கள் கடைவீதியைப் புறக்கணித்தன. ஈஸ்டர் துணி வியாபாரம் படுத்தது. கலவரப் பயத்தால் வெள்ளை வாடிக்கையாளர்களும் குறைந்தார்கள். ஏப்ரல் 19 விடியற்காலையில், மாணவர்களின் வழக்கறிஞரான அலெக்ஸாண்டர் லூபியின் வீட்டின்மீது டைனமைட் வீசப்பட்டது. வீட்டின் முன்பகுதி சிதறியது. எதிரே இருந்த மருத்துவக் கல்லூரியின் கண்ணாடிகள் நொறுங்கின. அவரும் மனைவியும் உயிர் தப்பினர். அன்று நண்பகல் பல்லாயிரம் பேர் நகர மண்டபத்துக்கு நடந்தனர். எண்ணிக்கையை 3,000 என்றும் 4,000 என்றும் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். ஆனால் கோஷமில்லாமல் காலடி ஓசை மட்டும் கேட்டது என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். மண்டபப் படியில் மேயர் பென் வெஸ்ட்டிடம் டயேன் நாஷ், ஒருவரை நிறத்தை வைத்து மட்டும் பாகுபடுத்துவது தவறு என்று நீங்கள் கருதுகிறீர்களா என்று நேராகக் கேட்டார். பொருளை விற்றுவிட்டுச் சேவையை மறுப்பது தார்மிகமாகச் சரி என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் மேயர். அப்படியானால் சிற்றுண்டி மேசைகளில் பாகுபாடு நீங்க வேண்டுமா என்று நாஷ் விடாமல் கேட்க, ஆம் என்று பதில் வந்தது. முடிவு கடைக்காரர்களுடையது என்று மேயர் உடனே சேர்த்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். ஆனால் மறுநாள் செய்தித்தாளில் தலைப்பானது அந்த ‘ஆம்’தான். மே 10 அன்று ஆறு கடைகள் கறுப்பின வாடிக்கையாளர்களுக்கு மேசையில் உணவு பரிமாறின.

இதில் உறுதியானவை நிகழ்வுகளும் தேதிகளும். விவாதத்துக்குரியது காரணம். முதலாளிகளின் மனசாட்சி அசைந்ததா, கல்லாப்பெட்டி காலியானதால் இறங்கிவந்தார்களா, வெடிகுண்டு நகரத்தின் பெயரைக் கெடுத்துவிடும் என்ற பயமா? வரலாற்று ஆசிரியர்கள் இதில் ஒத்த கருத்துக்கு வரவில்லை. என் கருத்து: புறக்கணிப்பு இல்லாமல் கடைக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்திருக்க மாட்டார்கள், ஆனால் மாணவர்களில் ஒருவர் திருப்பி அடித்திருந்தால்கூட, ‘இரு தரப்பு மோதல்’ என்று சொல்லி மேயர் தப்பித்திருப்பார், அந்தப் படிக்கட்டுக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. லாசன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. வெற்றியின் அளவும் சிறியது. உணவகங்கள், திரையரங்குகள், விடுதிகள் பலவற்றில் பாகுபாடு தொடர்ந்தது. அவற்றுக்குத் தனித்தனியே போராட வேண்டியிருந்தது. சட்டப்படியான முடிவு 1964 சிவில் உரிமைகள் சட்டத்தால்தான் வந்தது. ஆகவே மத்திய அரசின் பங்கை மறுப்பவர்களுடன் நான் சேரமாட்டேன். அந்தச் சட்டம் வருவதற்கான நெருக்கடியை யார் உண்டாக்கினார்கள் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

ஏனெனில் நாஷ்வில் அறையில் பழகியவர்கள்தான் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு எல்லா முக்கியக் களங்களிலும் தென்படுகிறார்கள். 1961-இல் அலபாமாவில் பேருந்தை எரித்துப் பயணிகளை அடித்து, பேருந்துகளில் இனப் பாகுபாட்டை எதிர்த்த ‘விடுதலைப் பயண’த்தை நிறுத்திவிட்டதாகக் கும்பல் நினைத்தபோது, அதைத் தொடர ஆள் அனுப்பியவர் டயேன் நாஷ், மாண்ட்கமரியிலிருந்து மிசிசிப்பிக்குப் போன முதல் பேருந்தில் லாசனும் இருந்தார், கைதானார். 1963-இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் போராட்டத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் பெவல். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை ஊர்வலத்தில், அதே மாநிலத்தின் செல்மா நகரப் பாலத்தில் மண்டை உடைபட்டவர் ஜான் லூயிஸ். அந்த ஊரில் முன்கூட்டியே வாக்காளர் பதிவு வேலையைத் தொடங்கியிருந்தவர் லஃபாயெட். கிங் 1960 ஏப்ரல் 20 அன்று நாஷ்வில் வந்தபோது, ஊக்கம் கொடுக்க வரவில்லை, பெற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றது மேடை மரியாதைக்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய பேச்சால் உருவானவர்கள் இந்த மாணவர்கள் என்பதைவிட, அவருடைய இயக்கத்துக்கு முதுகெலும்பைக் கொடுத்தவர்கள் இவர்கள் என்பதே பொருத்தம்.

இந்த முறைக்கு இருந்த எல்லையும் லாசனின் வாழ்க்கையிலேயே தெரிகிறது. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. 1968-இல் அவர் மெம்ஃபிஸ் நகரில் போதகர். பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கிய இரு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் அழுத்து இயந்திரத்தில் சிக்கி இறந்தனர். 12-ஆம் தேதி சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்கள் ஏந்திய அட்டைகளில், ‘நான் ஒரு மனிதன்’ என்பதற்குமேல் எதுவும் எழுதப்படவில்லை. ஆதரவுக் குழுவின் தலைவராக இருந்த லாசனே கிங்கை அழைத்தார். மார்ச் 28 அன்று கிங் முன்னால் நடந்த ஊர்வலத்தில் சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தனர்; லாசன் கிங்கை அங்கிருந்து அனுப்பிவிட்டு, ஒலிபெருக்கியில் கூட்டத்தைத் திரும்பிப் போகச் சொன்னார்; பிற்பாடு நடந்த போலீஸ் நடவடிக்கையில் 16 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். உடைத்தவர்கள் கோபமுற்ற இளைஞர்களா, தூண்டிவிடப்பட்டவர்களா என்ற சர்ச்சை தீரவே இல்லை. தீர்ந்த செய்தி ஒன்று உண்டு: நாஷ்வில்லில் 124 பேருக்கு மாதக்கணக்கில் கிடைத்த பயிற்சி, மெம்ஃபிஸில் தெருவில் திரண்ட பல்லாயிரம் பேருக்குக் கிடைத்திருக்கவில்லை. அந்தக் களங்கத்தைப் போக்க, மீண்டும் ஒரு அமைதியான ஊர்வலம் நடத்தத்தான் கிங் திரும்பி வந்தார். ஏப்ரல் 4 மாலை லொரேன் விடுதியில் சுடப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்று உடன்பாட்டுக்கு வந்தது.

கிங்கைக் கொன்றதாக ஒப்புக்கொண்டு, பிறகு அதை மறுத்த ஜேம்ஸ் ஏர்ல் ரேயை லாசன் சிறையில் சந்தித்தார். 1978-இல் சிறைக்குள் அவருக்குத் திருமணமும் செய்துவைத்தார். அவர் குற்றவாளி அல்லர் என்றும் நம்பினார். இதில் நான் லாசனைப் பின்பற்றவில்லை. 1999-இல் மெம்ஃபிஸ் உரிமையியல் வழக்கின் நடுவர்கள் சதி இருந்ததாகச் சொன்னாலும், அடுத்த ஆண்டு அமெரிக்க நீதித்துறை ஆராய்ந்து, அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. ஆனால் நண்பனைக் கொன்றவர் என்று தண்டிக்கப்பட்டவரைத் தேடிப்போய்ச் சிறைக் கதவைத் தட்டிய செயல், அவருடைய தீர்ப்பு சரியோ தவறோ, அவர் எந்த அளவுக்குத் தன் கொள்கைக்குள்ளேயே வாழ்ந்தார் என்பதைக் காட்டுகிறது.

1974-இல் லாஸ் ஏஞ்சலிஸ் சென்று, ஹோல்மன் மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் 25 ஆண்டுகள் போதகராக இருந்தார். அங்கே விடுதிப் பணியாளர்கள், கட்டடத் துப்புரவுத் தொழிலாளர்கள், குடியேறிகள் ஆகியோரின் சங்கங்களுக்கு மாதந்தோறும் அகிம்சைப் பயிலரங்கு நடத்தினார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலும் அதையே பாடமாகக் கற்பித்தார். 2024 ஜூன் 9 அன்று, 95 வயதில் காலமானார். கேள்வி கேட்டவர் ஆங்கிலம் வாசிக்கக்கூடியவராக இருந்தால், ‘Nashville sit-in’ (நாஷ்வில் உள்ளிருப்புப் போராட்டம்) என்று தேடினால் அந்தப் பயிலரங்கின் அசைபடக் காட்சிகளே கிடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை மட்டும் பார்க்காமல், பின்னால் கும்பலாக நடிப்பவர்களின் முகத்தையும் பாருங்கள். தன் தோழனைத் திட்டுவது அவர்களுக்கும் எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பது தெரியும்.